நான் காட்டிய கை

லொறி ஓடுகிறவன் ஓய்வு நாளில் சைக்கிள் ஓடினால் ஊர் சிரிக்கும். எங்களைப் பார்த்தும் சிரித்தது. மருதனார்மடம் சந்தையில் மூட்டை ஏற்றுகிற ஆட்கள் கிழமைக்குக் கிழமை கேட்பார்கள்.

"என்ன அண்ணை, லொறியை வித்துப்போட்டியளோ?"

"இல்லையடா, மழையிலை நனைஞ்சு சுருங்கிப்போச்சு" என்பான் என் சிநேகிதன்.

அவனுக்கு வாய் உண்டு. எனக்கு இல்லை. நான் பக்கத்தில் நிற்பேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே முதலாளியிடம் ஓடினோம். அவனுக்கு ஒரு லொறி, எனக்கு ஒரு லொறி. வெங்காயமும் பீற்றூட்டும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போவோம். ஒன்றாகப் போய் ஒன்றாக வருவோம். பதினெட்டு வருடம் அப்படி. சனிக்கிழமை ஓட்டம் இல்லை. அன்றைக்கு நான் மருதனார்மடத்தில் இருந்து சைக்கிளில் உடுப்பிட்டிக்குப் போவேன். அவன் வீடு அங்கே. அங்கிருந்து இரண்டு பேரும் வல்வெட்டித்துறைக்கு இறங்கி, கடற்கரை ரோட்டால் தொண்டைமானாறு வரைக்கும் ஓடிப்போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவோம்.

டொக்டர் பிறசர் என்று சொன்னதால் தொடங்கியது. பிறகு டொக்டரை மறந்துபோனோம். நாள் முழுக்கக் கபினுக்குள் இருக்கிறவனுக்குத் தன் உடம்பும் ஒரு மூட்டைதான். லொறி அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சைக்கிளில் அப்படி இல்லை. நாங்கள்தான் எஞ்சின். முன்கண்ணாடி கிடையாது. எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்கும். கருவாட்டு மணம் வரும், யாரோ வீட்டில் வெங்காயம் தாளிக்கிற மணம் வரும். கபினுக்குள் டீசல் மணம் ஒன்றுதான்.

அவனிடம் ஜப்பானில் இருந்து வந்த பழைய கியர் சைக்கிள் இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அவனுடைய இடது கால் ஒரு தரம் அமத்தும். இல்லாத கிளச்சை. நான் கண்டு சிரிப்பேன்.

"என்ன சிரிக்கிறாய்? காலுக்குத் தெரியுமே இது சைக்கிள் எண்டு?" என்பான்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் லொறிக்காரரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விளங்காது.

இரண்டு லொறி ஒன்றின் பின் ஒன்றாகப் போகும்போது முன்னால் ஒரு உழவு இயந்திரம் மெதுவாகப் போகிறது என்று வையுங்கள். முதல் லொறி அதை வெட்டிக்கொண்டு முன்னால் போய்விடும். பின்னால் வருகிறவனுக்கு முன்பக்கம் தெரியாது. அப்போது முன்னால் போனவன் ரோட்டைப் பார்த்து, எதிரே ஒன்றும் இல்லை என்றால், வலது கையை வெளியே போட்டு முன்னுக்கு வீசுவான். வா என்று அர்த்தம். பின்னால் வருகிறவன் அந்தக் கையைக் கண்டதும் லொறியை வெளியே எடுத்து வெட்டுவான். தானும் ஒரு தரம் எட்டிப் பார்ப்போம் என்று நிற்க மாட்டான். நின்று பார்த்தால் முன்னால் போனவனை நம்பவில்லை என்றாகிவிடும். நான் அவனுக்கு எத்தனை ஆயிரம் தரம் கை காட்டியிருப்பேனோ தெரியாது. அவனும் எனக்கு அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கடற்கரை ரோட்டில் பெட்டியில் தென்னங்கிடுகு ஏற்றிய லான்ட்மாஸ்ரர், சின்ன உழவு இயந்திரம் ஒன்று எங்களுக்கு முன்னால் போனது. கிடுகு ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தது. நான் வெட்டிக்கொண்டு முன்னால் போனேன். அவன் பெட்டிக்குப் பின்னால் வந்தான். கொஞ்சத் தூரத்தில் ரோட்டு இடப்பக்கம் வளைகிறது. வளைவில் ஒரு மதில்.

நான் வலது கையைப் போட்டு வீசினேன்.

ஏன் வீசினேன் என்று இன்றைக்குவரை யோசிக்கிறேன். ரோட்டைப் பார்த்தேனா? பார்த்தேன். பார்த்த மாதிரித்தான். லொறியில் இருந்திருந்தால் மதிலுக்கு மேலால் அங்காலே எல்லாம் தெரிந்திருக்கும். பதினெட்டு வருடம் மேலே இருந்து பார்த்த கண். சைக்கிளில் என் தலை மதிலுக்குக் கீழே இருக்கிறது என்பது கைக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நேரம் வலப்பக்கம் கடலில் ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. என் பாதிக் கண் அதில் இருந்தது.

கையை மடக்குவதற்குள் வளைவால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் மீன் பெட்டி கட்டின ஆள். என்னைக் கடந்து போனார். அடுத்த மூச்சில் சத்தம் கேட்டது.

நான் திரும்பினேன். சிநேகிதன் வெளியே எடுத்திருக்கிறான். மோட்டார் சைக்கிளைக் கண்டதும் இடப்பக்கம் வெட்டி லான்ட்மாஸ்ரர் பெட்டியில் அடிபட்டு விழுந்திருக்கிறான். இடது கால் பெட்டியின் சில்லுக்குக் கீழே போய்விட்டது. மீன்காரரும் விழுந்து கை உரஞ்சி இருந்தது. மீன் ரோட்டெல்லாம் கிடந்தது.

அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்தான். நான் அவனுடைய தலையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

பொலிசார் வந்தார்கள். லான்ட்மாஸ்ரர் ஓடினவர் சொன்னார்:

"நான் என்ரை பாட்டிலை வந்தனான் ஐயா. இவர் பாக்காமல் வெளியாலை எடுத்துப்போட்டார்."

பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார்.

"நான் முன்னுக்குப் போனனான். பின்னாலை நடந்ததை நான் காணேல்லை" என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் பெரிய கரைச்சல். முழுப்பொய் என்றால் எப்போதாவது வாய் தவறி உண்மை வெளியே வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மீன்காரர் கைக்கு மருந்து கட்டிக்கொண்டு என் பக்கத்து வாங்கில் வந்து இருந்தார். நல்ல மனிதர். தன் பிழை இல்லை என்று தெரிந்தும் போகாமல் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் கையைத் தூக்கினதைக் கண்டனான். தெரிஞ்ச ஆளாக்கும் எண்டு நினைச்சு நானும் தலையை ஆட்டினனான்" என்றார்.

"ஓம்" என்றேன்.

அந்த ஓம்தான் பொய்; அவருக்குக் காட்டின கை இல்லை அது. ஒரு சொல். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்ல வேண்டி வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

அவனுக்கு முழங்காலில் தகடு வைத்தார்கள். இரண்டு தரம் வெட்டினார்கள். இனி இவ்வளவுதான் மடியும் என்று டொக்டர் கையால் காட்டினாராம். அவன் அதை எனக்குக் காட்டினான். கொஞ்சம்தான்.

"கிளச்சுக்குக் காணுமோ?" என்று கேட்டான்.

"காணும்" என்றேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவனுடைய லொறி புதிது, என்னுடையது பழசு. "அதைச் சும்மா விடேலாது, இனி நீ எடு. உன்ரையை வேறை ஆளிட்டைக் குடுக்கிறன்" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லொறித் திறப்பை வாங்கிக்கொண்டேன்.

அவன் நெடிய ஆள். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். என் கால் கிளச்சுக்கு எட்டி எட்டித்தான் பட்டது. ஒரு நெம்பை இழுத்தால் இருக்கை முன்னுக்கு வரும். நான் இழுக்கவில்லை. மாதக்கணக்காகக் காலை நீட்டி நீட்டி ஓடினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடிக்கட்டும் என்று விட்டேன். முறிகண்டியில் எல்லா லொறிக்காரரும் இறங்கித் தேங்காய் உடைப்பார்கள். நானும் இறங்குவேன். பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும்போது அவனுக்குக் கால் சரிவர வேண்டும் என்று கேட்பேன். மற்றதைச் சொல்ல மாட்டேன். அங்கேயும் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமைகளில் அவனுடைய வீட்டுக்குப் போனேன். சைக்கிளில்தான். தம்புள்ளையில் இருந்து கொண்டுவந்த பூசணியோ பப்பாசியோ பின்னால் கட்டியிருக்கும். அவன் கட்டிலில் இருந்துகொண்டு ரோட்டைப் பற்றிக் கேட்பான். எங்கே கிடங்கு விழுந்திருக்கிறது, எந்தக் கடையில் சோறு பழுதாகிவிட்டது, மாங்குளத்துக்கு அங்காலே யானை வந்ததா, எல்லாம் கேட்பான். கதை குறைந்த நான் அவனுக்காகக் கதைக்கப் பழகினேன்.

அவனுடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டு அவனைப் பேசத் தொடங்குவாள்.

"ஐம்பது வயசிலை சைக்கிள் ஓட்டம் கேக்குது! சின்னப் பெடியன் எண்டு நினைப்பு. முன்னாலை என்ன வருது எண்டு பாக்கத் தெரியாத மனுசன் பதினெட்டு வருசம் என்னத்தை லொறி ஓடினதோ!"

அவன் வாய் திறக்க மாட்டான். எவருக்கும் பதில் சொல்கிற அந்த வாய், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

"இந்த அண்ணையைப் பாருங்கோ" என்பாள். "இவரும் அதே ரோட்டிலைதான் போனவர். வடிவாய்ப் பாத்து ஒழுங்காய்ப் போனவர். ஏன் உங்களுக்கு மட்டும் அவசரம்?"

நான் தேத்தண்ணியைக் குடிப்பேன். சுடச்சுடக் குடிப்பேன். வாய்க்குள் எதையாவது வைத்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் அப்படிப் போனது.

கனரக வாகனச் சாரதிப் பத்திரம் புதுப்பிக்க வேண்டிய காலம் அவனுக்கு வந்தது. அதற்கு மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டும். போவதற்கு முன்னால் தானே ஒருக்கால் பார்க்க வேண்டும் என்றான்.

"லொறியைக் கொண்டுவா மச்சான். பக்கத்து வெறுங்காணியிலை ஒருக்கா ஏறிப் பாப்பம். அவள் கோயிலுக்குப் போற நேரமாய் வா."

கொண்டுபோனேன். அவன் ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, கையால் இழுத்து இழுத்து ஏறினான். நான் மற்றப் பக்கத்தால் ஏறிப் பக்கத்தில் இருந்தேன். இருக்கையில் இருந்ததும் அவன் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் தடவினான். எஞ்சினை எழுப்பினான். முகம் மாறியது. பழைய முகம் வந்தது.

பிறகு இடது காலைத் தூக்கிக் கிளச்சில் வைத்தான். கால் மடியவில்லை. மடியாத காலால் அமத்தினால் பாதிதான் போகிறது. கையைத் தொடையில் வைத்து அமத்தினான். கியர் கரகரத்தது. ஒருமாதிரி விழுந்தது. விடும்போது கால் சறுக்கி, லொறி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது.

"இன்னொருக்கா" என்றான்.

மூன்று தரம் பார்த்தான். மூன்றாம் தரம் அவனுடைய கழுத்தால் வேர்வை ஓடியது. நோவில் பல்லைக் கடித்தபடி இருந்தான். பிறகு எஞ்சினை நிறுத்தினான். திறப்பைக் கழற்றி என் மடியில் வைத்தான்.

"சரி" என்றான். "சோதனைக்குப் போகத் தேவையில்லை."

காணியில் ஒரு மாடு நின்றது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"நான்தான் கை காட்டினனான்" என்றேன்.

"ஓம்."

"பாக்காமல் காட்டினனான். வள்ளத்தைப் பாத்தனான்."

"வள்ளத்தையோ?" என்றான். "அது எனக்குத் தெரியாது. கை காட்டினது தெரியும். அதைக் கண்டுதானே எடுத்தனான்."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. ஆறு மாதக் கோபம்.

"நானோ சொல்லுறது? ஆஸ்பத்திரியிலை முதல் நாள் கண் முழிச்சாப் போலை நீ பக்கத்திலை இருந்தாய். இப்ப சொல்லுவான் எண்டு பாத்தன். அடுத்த சனி பாத்தன். பிறகு பூசணிக்காயோடை வந்தாய். அப்ப விளங்கிட்டுது, நீ சொல்லமாட்டாய், பூசணிக்காய்தான் கொண்டுவருவாய் எண்டு."

நான் மடியில் கிடந்த திறப்பைக் கையில் எடுத்தேன்.

"அவளுக்குச் சொல்லாதை" என்றான்.

"உன்னைப் போட்டு அந்தப் பேச்சுப் பேசிறா."

"பேசட்டும். எனக்குப் பழகிப்போச்சு. சொன்னால் அவள் உன்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள். எனக்கு ரோட்டுக் கதை சொல்ல வேறை ஆர் இருக்கினம்? கோபம் கோபந்தான். ஆனால் நீ வரவேணும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவன் இறங்கப் பார்த்தான். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

கோயிலால் அவள் வந்துவிட்டாள். நெற்றியில் திருநீறு ஈரம் காயவில்லை. லொறியையும் அவனையும் கண்டாள். விளங்கிக்கொண்டாள். அவனுடைய முகத்தைப் பார்த்து, ஏலவில்லை என்பதையும் விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் வாங்கில் இருத்திவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டே வழக்கம்போலத் தொடங்கினாள்.

"அண்டைக்கு ஒரு நிமிசம் பொறுத்திருந்தால் இண்டைக்கு உந்தக் காலை இழுத்துக்கொண்டு திரியத் தேவையில்லை. இந்த அண்ணை மாதிரிக் கொஞ்சம் நிதானம் இருந்திருந்தால்..."

"தங்கச்சி" என்றேன். "வரச்சொல்லிக் கை காட்டினது நான்."

சிநேகிதன் தலையைக் குனிந்தான்.

அவளுக்கு விளங்கவில்லை. லொறிக்காரனுடைய மனைவி என்றாலும் அவள் லொறியில் ஏறி ரோட்டுக்குப் போனவள் இல்லை. நான் முதலில் இருந்து சொல்ல வேண்டி வந்தது. கை போடுகிற வழக்கம், அதைக் கண்டால் பின்னால் வருகிறவன் பார்க்காமல் எடுப்பது, மதில், வள்ளம், மீன்காரர் சொன்னதும் நான் ஓம் என்றதும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீட்டுக்குக் கதைத்தது அன்றைக்குத்தான். அவள் தட்டத்தைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

முடிந்ததும் அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"நான் ஆறு மாசமாய்ப் பேசப் பேச, இரண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள், என்ன?"

அவளுடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"காலேலாத மனுசனை என்ரை வாயாலை எவ்வளவு சொல்லிப்போட்டன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் எனக்கு முன்னாலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள் அண்ணை. பிழை ஆருக்கும் வரும். இருந்து கேட்டதுதான்..."

முடிக்கவில்லை. தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ. இனி வராதையுங்கோ."

குடித்தேன். குடிக்காமல் போவது அதைவிட மரியாதைக்கேடு என்று பட்டது. கோப்பையை வைத்துவிட்டு லொறியை எடுத்தேன். அன்றைக்குத்தான் இருக்கையை முன்னுக்கு இழுத்தேன். அது இனி அவனுடைய இருக்கை இல்லை.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு இறங்கவில்லை. முன்பு இரண்டு பேரிடம் இருந்தது, இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது. அவன் வேண்டாம் என்று சொன்னதையும் மீறிச் சொன்னேன். அது அவளுக்காகவா, அந்தத் தேத்தண்ணியை இனிமேலும் விழுங்க முடியாமல் எனக்காகவா என்று கேட்டால், எனக்காக என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று சனிக்கிழமை நான் அங்கே போகவில்லை. சைக்கிளைத் துடைப்பேன், காற்று அடிப்பேன், திரும்பச் சுவரில் சாத்துவேன். நாலாம் கிழமை அவன் போன் எடுத்தான்.

"ஏன் வரேல்லை?"

"வரவேண்டாம் எண்டு சொன்னவ."

"வீட்டுக்குத்தானே சொன்னவள். ரோட்டு அவளின்ரையே? படலை வரைக்கும் வா. நான் வெளியாலை வாறன்."

"அவ என்ன சொல்லுறா?"

"என்னைப் பேசிறேல்லை. அதுதான் பெரிய கரைச்சலாய்க் கிடக்கு. ஒண்டும் சொல்லாமல் சோத்தைப் போட்டு வைக்கிறாள். நீ வா."

போனேன். இப்போதும் போகிறேன். வெறுங்கையோடுதான் போகிறேன். படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி மணியை அடிப்பேன். அவன் ஊன்றுகோலோடு மெல்ல மெல்ல வருவான். வந்து என்னுடைய சைக்கிள் சீற்றில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பான். நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொள்வேன். அவன் ரோட்டைப் பற்றிக் கேட்பான். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

சில வேளை அவனுக்கு முகம் கறுத்துவிடும். கேள்வியை நடுவில் விட்டுவிட்டு ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது.

முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும். படலை திறந்துதான் இருக்கும். அவள் என்னைப் பார்க்க மாட்டாள். அரை மணித்தியாலம் ஆனதும் உள்ளே இருந்து குரல் வரும்.

"நிண்டது காணும். கால் வீங்கப்போகுது, உள்ளுக்கு வாங்கோ."

அது அவனுக்கு. அவன் சீற்றில் இருந்து கையை எடுப்பான். நான் சைக்கிளைத் திருப்புவேன்.